ஒரு கடி குறைந்த ரொட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதும்தான். ரொட்டியை நீட்டியவர் கோசிம் அண்ணன், கடித்தவன் ஒடில். ஆனால் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியவள் நான்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த மாதிரிப் பையன்களோடு மல்லுக்கட்டுகிறவள், எனக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டாமா?

அந்த வருடம்தான் உத்தரவு வந்தது. பதினெட்டு நிறையாத ஒருத்தனும் மே மாதக் கடைசிக்குப் பிறகு பெரியவர்களின் சிறையில் இருக்கக் கூடாது, எல்லோரையும் சிறார் இல்லத்துக்கு மாற்ற வேண்டும் என்று. இதற்காக நான் எழுதாத மனு இல்லை, திட்டாத அதிகாரி இல்லை. எங்கள் இல்லம் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த பண்ணை. புழு போய்விட்டது, மல்பெரி மரங்கள் இருக்கின்றன. சுவர் உண்டு, பூட்டு உண்டு. அவற்றோடு வகுப்பறையும் பந்து விளையாட இடமும் உண்டு. திங்கட்கிழமை காலை நானும் ஓட்டுநர் தூர்சுனும் வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்து பையன்களை அழைத்துவரப் போனோம்.

நான்கு பேர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். ஐந்தாவது ஒடில். பதினாறு வயது, மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அவன் செய்த குற்றம் என்ன தெரியுமா? டீ குடிக்கப் போன ஓட்டுநரின் மினி பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஓடினவன் சும்மா ஓடினானா? வழியில் கை காட்டினவர்களையெல்லாம் ஏற்றி, அவரவர் இறங்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இறக்கிவிட்டிருக்கிறான். போலீஸ் வண்டிக்கு ரொம்ப மரியாதையாக ஒதுங்கி வழி விட்டதில்தான் சந்தேகம் வந்து பிடித்தார்கள். எங்கள் ஊரில் எந்த மினி பஸ்காரன் வழி விடுகிறான்?

அந்த ஒடில் சிறை அடுப்படியில் மாவு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அங்கே ரொட்டி சுடுகிறவர் கோசிம் அண்ணன். வயது அறுபது, கொள்ளை வழக்கில் பதினொரு வருடம் முடித்து இன்னும் எட்டு வருடம் பாக்கி. கை முழுக்கத் தந்தூர் அடுப்பு சுட்ட தழும்பு. பையன் கிளம்புகிறான் என்றதும் மனிதர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார், இரண்டு கையிலும் ஆவி பறக்கிற ரொட்டி.

"நில்லுடா! எங்க ஓடுற? கடிச்சிட்டுப் போ!"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளை ராணுவத்துக்குக் கிளம்பினாலும் தூரதேசம் வேலைக்குக் கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி ஒரு முழு ரொட்டியில் ஒரே ஒரு கடி கடிக்க வைப்போம். மிச்சத்தைச் சுவரில் மாட்டிவிடுவோம். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, தூக்கியும் போடக் கூடாது. ரொட்டி அவனுக்காகக் காத்திருக்கும், அதனால் அவன் வந்தே தீருவான்.

ஒடில் கடித்தான். கைதிகள் முப்பது நாற்பது பேர் "ஓ"வென்று கத்தினார்கள். கோசிம் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரொட்டியைக் கொண்டுபோய் அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நான் கைதட்டினேன். சொன்னேனே.

வண்டி கிளம்பி ஆற்றுப்பாலம் வரைக்கும் ஒரே பாட்டும் கூத்தும். பாலத்தைத் தாண்டியதும் தூர்சுன் வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"கடிச்ச ரொட்டி எங்க இருக்கு?"

"எங்க இருக்கும், சுவத்துல."

"எந்தச் சுவத்துல?"

பின்னால் பாட்டு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், ஒடிலின் முகம் அவன் தூக்கிய மாவு மூட்டை மாதிரி வெளுத்திருந்தது.

"அப்படின்னா நான் மறுபடி அங்கதான் வரணுமா?" என்றான்.

"போடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

மற்ற நான்கு பேரும் விடுவார்களா? "டேய், எங்களுக்கெல்லாம் ஒருவழி டிக்கெட்டு, உனக்கு மட்டும் ரிட்டர்ன் டிக்கெட்டுடா!" என்று ஒருத்தன். "வண்டியைத் திருப்புங்க தூர்சுன் அண்ணே, ஒரு ஓட்டமா போய்த் தின்னுட்டு வந்துருவான்" என்று இன்னொருத்தன்.

"டேய் கூறுகெட்டவனே, தின்னப் போனா திரும்பிப் போனதா ஆகாதா?" என்றான் தூர்சுன். "ரொட்டி ஜெயிச்ச மாதிரில்ல ஆகும்!"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று சொல்லிக்கொண்டே, என் மகன் ராணுவத்துக்குப் போனபோது கடித்த ரொட்டியை ஒரு வருடம் எலியிடமிருந்து காப்பாற்றியவள் நான். அதனால் ஜன்னல் வழியாக வெள்ளரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒடில் தட்டைத் தள்ளிவைத்தான். நல்ல நூடுல்ஸ் சூப், மேலே கொத்தமல்லி. பக்கத்தில் புது ரொட்டி.

"எனக்கு வேணாம் அக்கா. அந்த ரொட்டிய முடிக்காம வேற எதையும் தொட மாட்டேன். தொட்டா அது கோவிச்சுக்கும்."

"ரொட்டிக்கு எதுடா கோவம்?"

"உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுச் சுவத்துல எனக்குன்னு ஒரு ரொட்டி தொங்குதா? இல்ல. என்னைய ரோட்டுலேர்ந்துல்ல பிடிச்சிட்டுப் போனாங்க, யாரு கடிக்கவச்சாங்க? இந்த உலகத்துல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற ஒரே ரொட்டி ஜெயில்லதான் தொங்குது. பின்ன நான் எங்க போவேன், சொல்லுங்க?"

"தின்னாட்டிப் போ" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று வேளையும் அதே கதை. புதன்கிழமை எங்கள் இல்லத் தலைவி, கண்டிப்பான மனுஷி, சாப்பாட்டுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சனோபர், இதைப் பாரு. தொடர்ந்து ஒன்பது வேளை மேசையில சாப்பிடலேன்னா அது உண்ணாவிரதம். உண்ணாவிரதம்னா நான் எழுதியே ஆகணும். வெள்ளிக்கிழமை பசங்களப் பாக்க கமிஷன் வருது. முதல் மாசம் வெள்ளோட்டம், தெரியும்ல? எழுதினேன்னா, இங்க ஒத்துவரலன்னு சொல்லி எங்கேர்ந்து வந்தானோ அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"எழுதாம விட்டுருங்களேன்."

"மத்தவங்க சாப்பாட்டையும் எழுதாம விடவா? பொய்க் கணக்கு எழுதித்தான் பழைய இடத்துல பசங்க அடிவாங்கினதெல்லாம் வெளிய தெரியாமப் போச்சு. அதை நான் இங்க ஆரம்பிச்சுவைக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். பாருங்கள் கூத்தை. அந்த ரொட்டி திருப்பி இழுத்துவிடும் என்று பயந்து சாப்பிடாமல் இருக்கிறான், சாப்பிடாமல் இருப்பதனாலேயே திருப்பி அனுப்பப்போகிறார்கள். இத்தனைக்கும் பயல் ஒன்றும் வாடவில்லை. பகலெல்லாம் மல்பெரி மரத்தில் குரங்காட்டம் ஏறி உட்கார்ந்திருந்தான், உதடும் நாக்கும் ஊதா நிறம். ஆனால் மரத்தில் தின்ற பழம் பதிவேட்டில் சேராது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். ஒன்பதாவது வேளை வியாழக்கிழமை மதியச் சாப்பாடு. ஒரு மணிக்கு மேசையைத் துடைத்துவிடுவார்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு தூர்சுனை எழுப்பினேன். "வண்டிய எடு. ரொட்டிய ரிலீஸ் பண்ணிக் கூட்டிட்டு வரலாம்."

எட்டரைக்குச் சிறை வாசலில் நின்றோம். வாசல் அதிகாரி எர்கஷ், என்னைவிடப் பத்து வயது இளையவன், மீசையை மட்டும் வயதானவன் மாதிரி வைத்திருப்பான். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மூடினான்.

"அக்கா, உள்ள வர்ற ரொட்டிக்கு ஃபாரம் இருக்கு. வெளிய போற ரொட்டிக்கு ஃபாரம் இல்ல."

"இல்லேன்னா ஒண்ணு எழுது."

"ஃபாரத்த நான் எழுத முடியுமா? இந்த ஜெயில் கட்டின நாள்லேர்ந்து ஒரு ரொட்டியும் வெளிய போனதில்ல."

"போகணும்னு எந்த ரொட்டியாவது கேட்டுச்சா? இது கேக்குதுய்யா!"

"கத்தாதீங்க அக்கா."

"கத்தலடா, என் குரலே இப்படித்தான்!"

அவன் கோசிம் அண்ணனை வரச் சொன்னான், அதற்குள் நான் அடங்குவேன் என்று நினைத்திருக்கலாம். கோசிம் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தங்கச்சி! பையன் எப்படி இருக்கான்? கவலைப்படாதன்னு சொல்லு, ரொட்டி பத்திரமா இருக்கு. எலி வராம ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் பாத்துக்கிறேன். காலையில ரொட்டி வாங்க வர்றவங்க எல்லாரும் அதைத் தொட்டு, 'ஒடில் நல்லபடியா திரும்பி வரட்டும்'னு வேண்டிட்டுத்தான் போறாங்க!"

"எத்தன பேரு?"

"ஆயிரத்து இருநூறு பேரும்!"

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். மூன்று நாளாக, தினம் காலையில், ஆயிரத்து இருநூறு வாய் அந்தப் பிள்ளை சிறைக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, வேண்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சுப் பாத்தீங்களா? எங்க திரும்பி வரட்டும்?"

"இங்கதான், வேற எ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பு மெல்ல முகத்திலிருந்து வடிந்தது. பிறகு இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டார், மாவு பறந்தது.

"ஐயோ, பாசத்துல பண்ணிட்டேன் தங்கச்சி! பழக்கதோஷம்! எங்க வீட்டுல என் ரொட்டி பதினொரு வருஷமா தொங்குது. அதை நெனச்சுக்கிட்டுத்தான் நான் காலையில கண்ணு முழிக்கிறேன். அந்தப் பயலுக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு... அட என் கிறுக்குப் புத்தியே!"

எர்கஷுக்கே முகம் மாறிவிட்டது. மீசையை நீவினான். பிறகு அலமாரியிலிருந்து திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தான். ஒடிலின் உடைமைகள்: பை ஒன்று, சட்டை இரண்டு, தொப்பி ஒன்று, கரண்டி ஒன்று.

"விடுபட்ட உடைமைன்னு கீழ ஒரு வரி இருக்கு" என்றான். "மாத்திப் போறவனோட பொருள் எதுவும் இங்க தங்கக் கூடாதுன்னு புது உத்தரவுலயே இருக்கு. அதுல சேக்கலாம்."

"எர்கஷ் தம்பி, நீ மகராசனா இருப்பே!"

"இருங்க. விடுபட்ட பொருள்னா, இது என்னுதுதான்னு அவனே நேர்ல வந்து அடையாளம் காட்டணும்."

"அவன் திரும்பி வரக் கூடாதுன்னுதானய்யா நான் நாயா அலையுறேன்!" என்று மேசையைத் தட்டினேன். தேநீர்க் கிண்ணம் குதித்தது. "அவன் பேரு எழுதியிருக்கா அதுலன்னு கேக்குறியா? எழுதியிருக்குய்யா, பல்லால எழுதியிருக்கு!"

ஆத்திரத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, சாவி, மை தீர்ந்த பேனா, நடுவில் பையன்களின் மருத்துவ அட்டைகள். ஒடிலின் அட்டையை உருவி எர்கஷின் மூக்குக்கு நேரே நீட்டினேன். மருத்துவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது: மேல் முன்பல், இடதுபுறம், பாதி உடைந்தது.

கோசிம் அண்ணன் ஓடிப்போய் ரொட்டியை ஒரு சுத்தமான துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். எர்கஷ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தான். தூர்சுனும் குனிந்தான். கடித்த வளைவின் நடுவே, பல் படாத இடத்தில், சின்ன மேடு ஒன்று நிமிர்ந்து நின்றது.

"இருக்கு" என்றான் எர்கஷ்.

பிறகு எழுத உட்கார்ந்தான். எழுத்துக் கூட்டி எழுதுவது போல அவ்வளவு நிதானம். மணி பதினொன்றைத் தாண்டுகிறது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ரொட்டி ஒன்று. ஒரு கடி குறைவு. உரிமையாளர் பல்லால் உறுதி செய்யப்பட்டது." முத்திரையை ஊதி ஊதிக் குத்தினான்.

"அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "பையன்கிட்ட சொல்லுங்க. ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கக் கூடாது."

கோசிம் அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். வழியனுப்ப ஏதாவது தரக் கை நீண்டது, பிறகு பயந்துபோய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரொட்டி என் மடியில் உட்கார்ந்து வந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் தூர்சுன் பிள்ளைத்தாச்சியை ஏற்றினவன் மாதிரி ஊர்ந்தான், நல்ல சாலையில் பறந்தான். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடினேன். துணியை விரித்தேன். கூடமே எழுந்து நின்றது.

ஒடில் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலால் அந்த மேட்டைத் தடவினான். "வந்துருச்சா!" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்புறம் அழலாம், இப்ப தின்னு!" என்று அதட்டினேன்.

தின்பது அவ்வளவு சுலபமா? மூன்று நாள் தந்தூருக்குப் பக்கத்தில் தொங்கிய ரொட்டி, மேசையில் தட்டினால் கதவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. பச்சைத் தேநீரில் முக்கி முக்கி மென்றான். தாடையைப் பிடித்துக்கொண்டான். பையன்கள் சுற்றி நின்று பந்தாட்டத்துக்குக் கத்துவது போலக் கத்தினார்கள். "விடாதடா! ஓரத்த முதல்ல முடி!" ஒருத்தன் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். கடைசி வாய் உள்ளே போனதும் நான்கு பேர் மேசைக்கடியில் தவழ்ந்து துணுக்கு தேடினார்கள். துணியிலிருந்து ஏழு, என் உடுப்பிலிருந்து இரண்டு. எல்லாவற்றையும் அவன் உள்ளங்கையில் கொட்டி வாயில் போட வைத்தேன்.

தலைவி பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஒரு நிமிடம் பயம். வெளியிலிருந்து வந்த சாப்பாடு கணக்கில் சேருமா?

"நம்ம மேசையில உக்காந்து சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"மணி ஒண்ணாகலையே?"

"ரெண்டு நிமிஷம் இருக்கு."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒடிலைப் பார்த்து, "சூப் ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரச் சொல்லவா?" என்றாள். மூன்று தட்டுக் குடித்தான்.

வெள்ளிக்கிழமை கமிஷன் வந்தது, போனது. ஒடில் எங்களிடமே தங்கினான். படிப்பு சுமார்தான், இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரன். தூர்சுனின் வண்டியை மட்டும் அவன் கண்ணில் படாத இடத்தில் நிறுத்திவைத்தோம். அடுத்த வருடம் ஏப்ரலில் நன்னடத்தைக்காக மிச்சத் தண்டனையைக் குறைத்து விடுதலைத் தாள் வந்தது.

அவன் கிளம்புகிற காலையில் நான் முதலில் போனது சமையற்கட்டுக்கு. இருந்த ரொட்டியை எல்லாம் மூட்டை கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்கள் ஊரில் பகைவனைக்கூட வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். அன்றைக்கு நாங்கள் முப்பது பேரும் வாசலில் கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றோம்.

ஒடில் ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்தான். "ஒரு கடிகூடத் தர மாட்டீங்களா?"

"ஓடிப் போடா!" என்று கத்தினேன். "இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தே, காலை ஒடிச்சிருவேன்!" இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு ஆசையோடு நான் யாரையும் விரட்டினதில்லை.

அவன் அம்மா கூட்டிப்போக வந்திருந்தாள். பருத்திக் காட்டில் வேலை பார்க்கிற ஒல்லியான மனுஷி, அதிகம் பேச மாட்டாள். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் ஏன் இப்படி நிற்கிறோம் என்று புரியாமல் பார்த்தாள். தூர்சுன் ஆதியோடந்தமாக ரொட்டிக் கதையைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு வீட்டுல ரொட்டி தொங்கலேன்னு எவன்டா சொன்னான்?" என்றாள் மகனிடம். "அன்னைக்குக் காலையில பாதி ரொட்டியத் தட்டுலயே வச்சிட்டு ஓடினியே, பஸ்ஸ எடுக்க. அது யாரு தின்ன மிச்சம்? அன்னைக்கு ராத்திரியே மாட்டிட்டேன்."

"ரெண்டு தடவ பாக்க வந்தீங்களே, ஏம்மா சொல்லல?" என்று நான்தான் கேட்டேன்.

"சொன்னா ஏங்கிருவானேன்னு."

ஒடில் ஒரு கையால் கண்ணைத் துடைத்தான். இன்னொரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அது ஒண்ணரை வருஷ ரொட்டியாச்சே!"

"அதனால என்ன? தேத்தண்ணி நிறைய வச்சுத் தர்றேன். வாடா வீட்டுக்கு" என்றாள் அவள்.